தடம் புரண்ட வேகன்களை ஏற்ற எளிய வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1:87 அளவு மாதிரி ரயில், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தடம் புரண்ட போகி வேகனை (இரு முனையிலும் போகி எனும் சுழலும் சக்கரத் தொகுதி உள்ள வேகன்) திரும்ப ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு போகியை உட்கார வைத்தால் மற்றது நழுவிவிடுகிறது.

நிஜ ரயிலில் ஹைட்ராலிக் ஜாக்கியால் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். இல்லையென்றால் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்வான இரும்புத் துண்டுகளைப் பொருத்தி, இன்ஜினால் இழுத்தே சக்கரத்தை ஏற்றிவிடுவார்கள். எவ்வளவு அழகான யோசனை! மாதிரி ரயிலுக்கும் அதே சாய்வுத் துண்டு பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. வளைவிலும் அது சரியாக வேலை செய்யுமா?

அப்புறம், ஒரே ஒரு வேகன் மட்டும் பாயின்ட் (தடம் பிரியும் இடம்) மேல் திரும்பத் திரும்பத் தடம் இறங்குகிறது. சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை முதலில் அளப்பதா, எடையைக் கூட்டிப் பார்ப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.