கம்பியில்லாக் கருவி ‘இணைக்கப்பட்டது’ என்று காட்டும், வேலை செய்யாது: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு:
எங்கள் வீட்டு மேஜைக் கணினியில் கம்பியில்லா மவுஸ் சமர்த்தாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீடியோக்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கத் தொடங்கினால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். அம்புக்குறி திரை நடுவில் அப்படியே நிற்கும். பிறகு ஓரத்துக்கு ஒரே தாவு. நகலெடுத்து முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கடைக்காரர் முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார், பிறகு மவுஸையே மாற்றச் சொன்னார். புது மவுஸும் அதே ஆட்டம் ஆடியது.

குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். அதைச் செருகியிருந்தது யூஎஸ்பி 3.0 போர்ட்டில், மவுஸின் சைகையை வாங்கும் குட்டி ரிசீவர் அதை ஒட்டிய போர்ட்டில். விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு பாயும்போது அந்த இணைப்பிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சல் கசிகிறது. மவுஸ் ரிசீவரும் புளூடூத்தும் பாதி வீடுகளின் வைஃபையும் குடியிருப்பது அங்கேதான். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் மவுஸ் டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது!

ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, ரிசீவரைக் கணினியின் முதுகிலிருந்து பிரித்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். தாவல் நின்றுவிட்டது.

மறுமொழி:
என்னுடையது புளூடூத் மவுஸ். ஆன்டெனா மடிக்கணினிக்குள்ளேயே இருப்பதால் அதை நகர்த்த வழியில்லை. எனவே ஹார்டு டிஸ்க்கை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன். தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. வைஃபை பிடித்திருக்கும் இடத்தை விட்டு ஒதுங்கித் தாவும் வித்தை புளூடூத்துக்கு 1.2 பதிப்பிலிருந்தே உண்டு. ஆனால் ஹார்டு டிஸ்க்கின் இரைச்சல் அலைவரிசை முழுவதும் பரவும்போது அது எங்கே ஒதுங்கும்?

மறுமொழி:
ஹெட்செட் கதை வேறு. பாட்டு அருமையாகக் கேட்கும். அலுவலகக் கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்கள். பழைய வகை புளூடூத்தில் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தால் இணைப்பு தொலைபேசி முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய்விடும், ஒலியின் தரமும் விழுந்துவிடும். ஒலி அமைப்பில் உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். பழைய தரம் திரும்பிவிட்டது. சத்தமான இடத்தில் இது உதவாது, அங்கே கம்பி வைத்த ஹெட்செட்தான். கூட்டங்களுக்காகவே விலையுயர்ந்த புளூடூத் ஹெட்செட் வாங்குவது, என்னைக் கேட்டால், வீண்செலவு.

மறுமொழி:
விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் கவனிக்க. விண்டோஸில் விசைப்பலகையை இணைத்தால் லினக்ஸில் ஊமையாகிவிடும்; அங்கே புதிதாக இணைத்தால் இங்கே ஊமை. இரண்டுக்கும் புளூடூத் முகவரி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் இணைப்பை அடையாளம் காணத் தனித்தனி ரகசியச் சாவியை, அதாவது ஒரு குறியீட்டை, உருவாக்குகிறது. விசைப்பலகை கடைசியாக வாங்கிய சாவியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. முதலில் லினக்ஸில் இணைத்து, அடுத்து விண்டோஸில் இணைத்து, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (அதன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) உள்ள சாவியை லினக்ஸின் புளூடூத் கோப்பில் எழுதிவிட்டேன். இதைச் செய்து முடிக்கும்வரை கம்பி வைத்த விசைப்பலகை ஒன்று கைவசம் இருக்கட்டும்.