"காசு வெட்டுப்பட்டிட்டுது, ரிக்கெற் வரேல்லை": கிளவுட்டில் ஓடும் அப்புக்கு லொக் அமைத்ததில் கண்டவை

(பஸ் ரிக்கெற் அப்புக்கு லொக் அமைப்பது பற்றி, யாழ்ப்பாணத்தின் நாலு இடங்களிலிருந்து மாறி மாறி எழுதியவை.)

திருநெல்வேலியிலிருந்து

கோண்டாவிலிலிருந்து ஒருவர் கோல் எடுத்து, "காசு வெட்டுப்பட்டிட்டுது, கொழும்பு பஸ்ஸுக்கு ரிக்கெற் வரேல்லை" என்று சொல்கிறார். அந்த ஒரு வசனத்தை வைத்து லொக்கில், அதாவது அப் தான் செய்வதை வரிவரியாக எழுதி வைக்கிற பதிவில் தேடி, அவர் போனில் இருக்கும்போதே பதில் சொல்ல முடியவேணும். லொக் அமைக்கிறது இதற்குத்தான். எந்தச் சேவையில் சேமிக்கிறது என்பதெல்லாம் பிறகு. கோல் எடுப்பவரின் கையில் இருப்பது நேரம், போன் நம்பர், பதிவு இலக்கம், இவ்வளவுதான். இவற்றில் ஒன்றைக் கொண்டு தேடினால் வரி அகப்படவேணும்.

"பணம் செலுத்துவதில் பிழை" என்று மட்டும் எழுதின வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, ஜேசன் வடிவில் (புலத்தின் பெயரும் மதிப்பும் சோடியாக வரும் வடிவம்) எழுதுங்கோ. நேரம், மட்டம் (தகவலா, எச்சரிக்கையா, பிழையா), கோரிக்கை இலக்கம் (சேர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் போடும் அடையாளம்), பதிவு இலக்கம், நிகழ்வின் பெயர், எடுத்த மில்லிசெக்கன், வங்கி தந்த பதில் குறியீடு எல்லாம் தனித்தனிப் புலங்களாக இருக்கவேணும்.

கட்டணப் பகுதியில் மூன்று வரி கட்டாயம். வங்கிக்கு அனுப்ப முதல் ஒன்று, வங்கியின் பதில் வந்தவுடன் ஒன்று, தரவுத்தளத்தில் கொமிட் ஆன (நிரந்தரமாக எழுதப்பட்ட) பிறகு ஒன்று. முதல் வரி மட்டும் இருந்தால், பதிலுக்குக் காத்திருக்கும்போது டைம்அவுட் ஆகியிருக்கிறது (காத்திருக்கும் நேரம் முடிந்திருக்கிறது) அல்லது புரொசெஸே (ஓடிக்கொண்டிருந்த அப்பே) செத்திருக்கிறது. காசு போனதா இல்லையா என்பதை வங்கிப் பக்கத்தில் கேட்டுத்தான் சொல்லலாம். முதல் இரண்டும் இருந்து, வங்கியின் பதிலும் சரியென்று இருந்து, மூன்றாவது இல்லையென்றால் காசு போயிருக்கிறது, சீற் எழுதப்படவில்லை. மூன்றும் இருந்தால் ரிக்கெற் இருக்கிறது, எஸ்எம்எஸ்தான் போகவில்லை. கோல் எடுத்தவருக்குச் சொல்லும் பதில் இந்த மூன்றிலும் வேறு வேறு. பலர் பதில் வந்த பிறகு மட்டும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் நடுவில் செத்த கோரிக்கைக்குத் தடயமே மிஞ்சாது.

கோரிக்கை இலக்கத்தை, அப்புக்கு முன்னால் நிற்கிற வெப் சேர்வரான எஞ்சின்எக்ஸே 32 ஹெக்ஸ் எழுத்தில் (0 முதல் 9, ஏ முதல் எஃப்) தரும். அதை ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தலைப்புத் தகவலில்) அப்புக்கு அனுப்பி, பைதன் என்றால் கொன்டெக்ஸ்ட் வேரியபிளில் (அந்தக் கோரிக்கைக்கு மட்டும் உரிய மாறியில்) வைத்து, லொகிங் ஃபில்டரால் எல்லா வரியிலும் சேர்க்கலாம். பின்னணியில் ஓடும் வேலைகளுக்கு அது தானாகப் போகாது, ஆர்கியுமென்டாகக் கொடுத்துவிடவேணும். ரிக்கெற் எஸ்எம்எஸ் அனுப்புவது பெரும்பாலும் பின்னணி வேலைதான், சங்கிலி அறுவதும் அங்கேதான். பிழைப் பக்கத்தில் இலக்கத்தின் முதல் எட்டு எழுத்தைக் காட்டுங்கோ. பி, சி, டி, ஈ எல்லாம் போனில் ஒரே மாதிரிக் கேட்கும் என்பதால், ஸ்கிரீன்சொட் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதே நல்லது.

கொக்குவிலிலிருந்து

திருநெல்வேலி அண்ணை சொன்ன மூன்று வரியும் எழுதியும், லொக் பக்கத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கிற நிலை ஒன்று உண்டு. காரணம் ஐந்தரை மணித்தியாலம்.

கிளவுட் சேர்வர் வழமையாக யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம், எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால்) இருக்கும். அப்பில் கொழும்பு நேர வலயம் போட்டிருப்போம். அப் ஃபைலில் "19:40" என்று வலயக் குறிப்பு இல்லாமல் எழுதும். கிளவுட்வொட்ச் (அமேசான் கிளவுட்டின் லொக் சேவை) ஏஜென்ட்டுக்கு, அதாவது ஃபைலை வாசித்து அங்கே அனுப்பும் புரோகிராமுக்கு, வலயம் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது சேர்வரின் உள்ளூர் நேரத்தையே எடுக்கும், அதாவது யூடிசி. அப்போது அந்த வரி ஐந்தரை மணித்தியாலம் எதிர்காலத்தில் நடந்ததாகப் போகும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எதிர்காலத்தில் இருக்கிற வரியைக் கிளவுட்வொட்ச் ஏற்காது. முழுக் கோரிக்கையும் பிழையாகத் திரும்பாமல், அந்த வரிகள் மட்டும் நிராகரிக்கப்பட்டதாகப் பதிலுக்குள் ஒரு குறிப்பு வரும். அதை வாசிக்காத கோட்டுக்கு எல்லாம் சரியாகப் போனது போலவே இருக்கும். 14 நாளுக்கு மேல் பழைய வரிகளுக்கும் இதே கதிதான். பழைய ஃபைலை ஏற்றிப் பார்த்து "வேலை செய்யுதில்லை" என்பவர்கள் இதையும் கவனியுங்கோ.

திருத்தம் சின்னது. லொக்கில் எப்போதும் யூடிசி எழுதி, கடைசியில் "+00:00" சேருங்கோ. உள்ளூர் நேரம்தான் வேணுமென்றால் "+05:30" கட்டாயம் இருக்கவேணும், ஏஜென்ட்டின் நேர வடிவத்திலும் அந்தப் பகுதியைச் சேர்க்கவேணும்.

யூடிசியில் நாள் மாறுவது எங்களுக்கு விடிய 5.30க்கு. 15ஆம் திகதி விடிய 4 மணிக்குப் பதிவு செய்தவரின் வரி 14ஆம் திகதி 22:30 என்றுதான் இருக்கும். நாளுக்கொரு ஃபைலாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் 15ஐத் திறந்து பார்த்து, "அப்படி ஒரு பதிவே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு நிற்கிற ஆளுக்கு அது சரியான அநியாயம்.

நல்லூரிலிருந்து

தமிழ் எழுத்துப் பிரச்சினையை ஆரும் தொடவில்லை, இது எங்களுக்கென்றே உள்ளது. பைதனின் ஜேசன் நூலகம் இயல்பாகவே ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாத எழுத்தை எஸ்கேப் குறியீடாக (எழுத்துக்குப் பதில் அதன் எண்ணாக) மாற்றும். "யாழ்ப்பாணம்" என்பதில் 11 குறிப்புள்ளிகள் (யுனிகோட்டில் தனி எண் உள்ள எழுத்தும் குறியும்). யூடிஎஃப் 8இல் (யுனிகோட்டைப் பைட்டாக எழுதும் வழமையான முறை) எழுதினால் 33 பைட், எஸ்கேப் செய்தால் 66 பைட். கூடுகிற பைட்டைவிடப் பெரிய நட்டம் தேடலில்தான். ஃபைலில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டு "யாழ்ப்பாணம்" என்று தேடினால் ஒரு வரியும் வராது, ஏனெனில் அங்கே இருப்பது பின்சாய்கோடும் யுவும் ஹெக்ஸ் எண்ணும். ஆஸ்கி கட்டாயம் என்ற தெரிவை ஃபோல்ஸ் ஆக்குங்கோ. விண்டோஸில் சோதிப்பவர்கள் ஃபைல் ஹாண்ட்லரில் என்கோடிங்கை யூடிஎஃப் 8 என்று எழுதியே வையுங்கோ.

அடுத்தது நுணுக்கமானது. "கொக்குவில்" என்பதில் உள்ள "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு எகரக் குறியும் துணைக்காலும். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டில் வேறு. போன் விசைப்பலகை ஒன்று, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவு இன்னொன்று என்று கலந்து வந்தால், பாதிக் கொக்குவில்தான் தேடலில் அகப்படும். கோண்டாவிலுக்கும் இதே நிலை. லொக்கில் எழுத முதல் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒற்றைக் குறியாக்கும் யுனிகோட் வடிவம்) மாற்றிவிட்டால் தீர்ந்தது. இன்னும் திறம், ஊர்ப் பெயரோடு தரிப்பிடத்தின் எண்ணையும் ஒரு புலமாக எழுதுவது.

நீளமான வரியைப் பைட் கணக்கில் வெட்டுகிற கோட் இருந்தால், மூன்று பைட் எழுத்தின் நடுவில் வெட்டி ஜேசனையே கெடுத்துவிடும். முழு வரியை அல்ல, நீளமான புலத்தின் மதிப்பை ஜேசனாக்க முதலே எழுத்துக் கணக்கில் வெட்டுங்கோ.

திருநெல்வேலியிலிருந்து, மறுபடியும்

எழுதக்கூடாதவை பற்றி. ஐசி நம்பர் (தேசிய அடையாள அட்டை இலக்கம்) லொக்கில் இருந்தால் அது வெறும் இலக்கம் அல்ல. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். 85512 என்று தொடங்கினால் 1985 ஜனவரி 12இல் பிறந்த பெண். லொக் பார்க்க அனுமதியுள்ள எல்லாருக்கும் இது தெரியவரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் இதைச் சும்மா விடமுடியாது.

மறைப்பதற்கு ரெகுலர் எக்ஸ்பிரெஷனை (எழுத்துக் கோலத்தை வைத்துத் தேடும் விதி) மட்டும் நம்பவேண்டாம். பழைய இலக்கத்துக்கு ஒன்பது எண்ணும் பெரிய ஆங்கில வியும் என்று எழுதினால், போனில் சின்ன வி அடித்தவர் தப்பிவிடுவார். 2016இல் வந்த புதிய இலக்கத்துக்கு 12 எண் என்று எழுதி எல்லை போடாமல் விட்டால், மில்லிசெக்கன் நேரக்குறியின் 13 எண்ணில் 12ஐ அது விழுங்கும். லொக்கில் நேரம் எல்லாம் நட்சத்திரக் குறியாகத் தெரிவது அதனால்தான். எழுத அனுமதித்த புலங்களின் பட்டியலை வைத்து, அதில் இல்லாததை எழுதாமல் விடுவதே சரியான வழி. ரெகுலர் எக்ஸ்பிரெஷன் இரண்டாவது வலை.

அப்பில் எல்லாம் மறைத்துவிட்டு எஞ்சின்எக்ஸை மறந்துவிடுவார்கள். ஓடிபி (ஒருமுறைக் கடவு எண்) அல்லது டோக்கன் (உள்நுழைவுச் சாவி) வெப் முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு போனால், வழமையான அக்ஸஸ் லொக்கில் (வந்த கோரிக்கைகளின் பதிவில்) அது அப்படியே பதியும். லொக் வடிவத்தில் முழுக் கோரிக்கைக்குப் பதிலாகப் பாதையை மட்டும் போடுங்கோ. 2018 மே மாதம் டுவிட்டர் எல்லாப் பாவனையாளரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது இந்த இனத்துப் பிழையால்தான். ஹாஷ் ஆகி (திருப்பி வாசிக்க முடியாதபடி மாறி) முடிய முதலே பாஸ்வேர்ட் உள் லொக்கில் எழுதப்பட்டிருந்தது.

குருநகரிலிருந்து

சேர்வர் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிறவை.

லொக்கைக் கொன்டெயினருக்குள் (அப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஃபைலாக எழுதவேண்டாம், கொன்டெயினர் மாறினால் ஃபைலும் போகும். ஸ்டேன்டர்ட் அவுட்புட்டுக்கு (புரோகிராமின் வழமையான வெளியீடு) எழுதினால் தளம் பார்த்துக்கொள்ளும். ஹீரோக்கு என்ற கிளவுட் தளத்தில் கடைசி 1500 வரிதான் நிற்கும், வெளியே எங்காவது அனுப்பியே ஆகவேணும். மைக்ரோசொஃப்ட் கிளவுட்டான அஷூரின் அப் சேர்விஸில் விண்டோஸ் அப்புக்கு ஃபைல்சிஸ்டம் லொக்கை ஓன் செய்தால் 12 மணித்தியாலத்தில் தானே ஓஃப் ஆகும். "நேற்று வந்தது, இண்டைக்கு வரேல்லை" என்றால் முதலில் அதைப் பாருங்கோ.

பைதனில் பிரின்ட் போட்டது வராவிட்டால் பஃபரில் (தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடத்தில்) நிற்கிறது. பஃபர் இல்லாமல் ஓடச் சொல்லும் சூழல் மாறியை 1 ஆக்குங்கோ. கூனிகோர்னில் (பைதன் அப்பை ஓட்டும் சேர்வர்) அக்ஸஸ் லொக் இயல்பாகவே ஓஃப். ஜாங்கோவில் (பைதன் வெப் கட்டமைப்பு) டீபக்கை (பிழை தேடும் நிலை) ஃபோல்ஸ் ஆக்கினால் 500 பிழையின் (சேர்வரின் உட்பிழை) விபரம் கொன்சோலுக்கு வராது, நிர்வாகிகளின் ஈமெயிலுக்குப் போகப் பார்க்கும். ஈமெயில் அமைக்காவிட்டால் எங்கேயும் இல்லை. கொன்சோல் ஹாண்ட்லரை நீங்களே எழுதவேணும்.

கொன்டெயினர்களை ஓட்டும் டொக்கரின் வழமையான ஜேசன் ஃபைல் டிரைவர் லொக் ஃபைலைச் சுழற்றாது (பழையதை அழித்துப் புதியதைத் தொடங்காது), டிஸ்க் நிரம்பும்வரை வளரும். அதே மெஷினில் தரவுத்தளமும் இருந்தால் அதுவும் படுத்துவிடும். ஒரு ஃபைல் 10 மெகாபைட், மூன்று ஃபைல் என்று வரம்பு போடுங்கோ. டொக்கர் டீமனின் (பின்னணிச் சேவை) கொன்ஃபிக்கில் மாற்றினது புதிதாக உருவாக்கிற கொன்டெயினருக்கு மட்டும்தான், பழையதை ரீஸ்டார்ட் செய்தால் போதாது. பெரிய லொக் ஃபைலை அழித்தும் இடம் வராவிட்டால், ஓடுகிற புரொசெஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அழிக்காமல் நீளத்தைப் பூச்சியமாக்கினால் இடம் உடனே திரும்பும்.

செலவு: கிளவுட்வொட்ச்சில் வரிகள் இயல்பாக ஒருநாளும் காலாவதியாகாது, 30 நாள் என்று வையுங்கோ. ஆனால் பில்லின் பெரும்பகுதி உள்ளே எடுக்கிற அளவுக்குத்தான், நாளைக் குறைத்து மட்டும் பில் குறையாது. ஹெல்த் செக் (அப் உயிரோடு இருக்கிறதா என்று தானாகக் கேட்கும் கோரிக்கை) 10 செக்கனுக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8,640 வரி, இரண்டு இடத்திலிருந்து வந்தால் 17,280. 200 (சரி) என்று பதில் வந்த ஹெல்த் செக்கை எழுதவேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சீற் பார்க்கிற கோரிக்கை குவியும், அதில் பத்துக்கு ஒன்றை எழுதினால் போதும். கட்டண வரியிலும் பிழை வரியிலும் ஒன்றைக்கூட விடக்கூடாது.

கொக்குவிலிலிருந்து

குருநகர் அண்ணை, ஒன்று சேர்க்கிறேன். லொக்கை அப்பிலிருந்து நேரே எச்டிடிபியில் அனுப்பினால், அந்தச் சேவை சுணங்கும்போது ரிக்கெற் பக்கமும் சேர்ந்து சுணங்கும். பைதனில் கியூ ஹாண்ட்லரும் (வரிகளை வரிசையில் போடுவது) லிஸ்னரும் (எடுத்து அனுப்புவது) போட்டுத் தனி இழையில் அனுப்புங்கோ, கியூவுக்கு உச்ச அளவும் வையுங்கோ. வரம்பில்லாத கியூ மெமரியைத் தின்றுவிடும். கியூ நிறைந்தால் சீற் பார்த்த வரியைக் கைவிடலாம், கட்டண வரியை அந்த நேரத்தில் ஸ்டேன்டர்ட் எரருக்கு (பிழை வெளியீட்டுக்கு) எழுதுங்கோ. அமைத்து முடிய, வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கும் இடத்தில் புரொசெஸை வேண்டுமென்றே கொன்றுவிட்டு, அந்த முதல் வரி வெளியே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கோ.