புதுப்பிப்பு: வீட்டைச் சுற்றிப் புதர் அகற்றும் வேலை

காட்டுத்தீ அபாயம் குறைய வீட்டைச் சுற்றியுள்ள மரங்களை எல்லாம் வெட்ட வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி. பெரிய மரங்கள் அப்படியே நிற்கின்றன.

வேலையைச் சுவரிலிருந்து தொடங்கினேன். சுவரை ஒட்டிய 1.5 மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அங்கிருந்த புதர், மரத்தூள் மூடாக்கு, வாசலில் கிடந்த நார் மிதியடி எல்லாம் போய், இப்போது வெறும் சரளைக்கல். பல வீடுகள் பற்றுவது நேரே வரும் தீயால் அல்ல, காற்றில் பறந்து வரும் கங்குகளால். கூரையோரத் தகரக் குழாயில் கிடக்கும் சருகில் ஒன்று விழுந்தால் போதும். எங்கள் குழாயிலிருந்து இரண்டு சாக்குச் சருகு வந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்புறம், 9 மீட்டர் வரை புல்லை 10 செ.மீ. உயரத்துக்குள் வெட்டினேன். மரங்களில் 2 மீட்டர் உயரம் வரை தாழ்ந்த கிளைகளைக் கழித்தேன். புல்லில் பிடித்த தீ புதரில் ஏறி, அங்கிருந்து கிளைக்குத் தாவும்; அந்த ஏணியை உடைப்பதுதான் நோக்கம். விறகு அடுக்கையும் வீட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன்.

தயவுசெய்து வெயில் ஏறிய பிறகு புல்வெட்டி ஓட்டாதீர்கள். கத்தி கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே காய்ந்த புல்லுக்குப் போதும். காலை ஈரத்திலேயே முடித்துவிடுங்கள். சரிவான இடமென்றால் புல், புதரை வேரோடு பிடுங்க வேண்டாம், மழையில் மண் அரிக்கும்.

கங்கு உள்ளே புகாமலிருக்க, வீட்டின் காற்றுத் துளைகளுக்கு 3 மி.மீ. கண்ணுள்ள உலோக வலை அடிப்பது மட்டும் பாக்கி.