வலையை அறுத்துக்கொண்டு போன கப்பலிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

எங்கள் ஊர் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். கொச்சிக்கு மேற்கே ஆழ்கடலில் வழிவலை (நீரோட்டத்தோடு மிதந்துபோகும் வலை) விட்டுக் கிடந்தபோது, விடியும் முன்னே ஒரு சரக்குக் கப்பல் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாக் கப்பல்களும் கேட்க வேண்டிய வயர்லெஸ் 16ஆம் சேனலில் கூப்பிட்டும் பதில் இல்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கப்பலின் பெயர் தெரியாததால் யாரிடமும் நஷ்டஈடு கேட்க வழியில்லாமல் போனது.

அப்புறம்தான் கப்பல் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் விவரம் கேட்டேன். மோதலில் பெரிய கப்பல் மீதே முழுப் பழியும் விழும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 345ஆம் பிரிவு, யார் மீது எவ்வளவு தவறோ அந்த அளவுக்கு நஷ்டத்தைப் பங்கிட்டது. பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் சரிபாதி.

மீன்பிடிக்கும் படகுக்குக் கப்பல்தான் விலகிப்போக வேண்டும் என்று கடலில் மோதலைத் தடுக்கும் சர்வதேச விதிகளில் 18ஆம் விதி சொல்கிறது. ஆனால் வலை கடலில் இருக்க வேண்டும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை விளக்கு எரிய வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டால் அந்தத் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கும் வேண்டும். வலையை ஏற்றிவிட்டு எல்லோரும் தூங்கினால் அந்தச் சலுகை கிடையாது; காவலுக்கு ஆள் வைக்காத தவறு நம் கணக்கில் சேரும். களைத்துக் கிடக்கும் ஆட்களை எழுப்பி உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும்.

மோதிய கப்பல் எது என்று தெரிந்தால்தான் வழக்கே நிற்கும். 2012 மார்ச்சில் ஆலப்புழைக்கு அப்பால் மீன்பிடிப் படகில் மோதிவிட்டுப் போன ‘பிரபு தயா’ என்ற சரக்குக் கப்பலைத் தேடிப் பிடித்துச் சென்னையில் நிறுத்திவைத்தார்கள். கப்பலின் பதிவுக் கருவியில் கப்பலை ஓட்டும் அறையில் நடந்த பேச்சும் ராடார் படமும் இருக்கும். பழைய கருவிகளில் 12 மணி நேரப் பதிவுதான் தங்கும், பிறகு அழிந்துவிடும். அதனால் கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், உடனே கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிவிடுங்கள்.

கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே நடந்தால், மாலுமி மீது குற்ற வழக்கு நடத்தும் உரிமை கப்பலின் கொடி நாட்டுக்கும் (கப்பல் பதிவான நாடு) அவருடைய சொந்த நாட்டுக்கும்தான். நஷ்டஈடு விஷயம் வேறு. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, கப்பல் வழக்குகளுக்கான அட்மிரால்டி சட்டப்படி, அந்தக் கப்பல் நம் துறைமுகத்துக்கு வரும்போது உயர் நீதிமன்றம் அதைப் பிடித்து வைக்கலாம். அதே முதலாளியின் வேறு கப்பல் வந்தாலும் பிடிக்கலாம்.

அப்படிக் கப்பலை நிறுத்திப் பணம் வாங்கியவர்கள் இங்கே இருந்தால், எந்த நீதிமன்றம், எவ்வளவு காலம் ஆனது, என்ன ஆதாரம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஊரில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இதற்காகக் காத்திருக்கின்றன.