ஆளுக்கொரு வாலண்டர்

வேலை விஷயமாக நாலு மாதம் சுவீடனின் மால்மோவில் இருக்க வேண்டியிருந்தது. போய் இறங்கியது ஜனவரியில். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி நிமிர்ந்தால் வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். கூட வேலை பார்த்த ஒருவர், "இந்தப் பக்கத்துக் கதைதான், படித்துப் பார்" என்று ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தார். ஹென்னிங் மாங்கெல் எழுதிய 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்', ஆங்கில மொழிபெயர்ப்பு. கர்ட் வாலண்டர் என்ற போலீஸ்காரர் வரும் வரிசையில் முதல் நாவல், 1991இல் வந்தது.

சனிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் கதை நடக்கும் ஈஸ்டாட் ஊருக்கே கிளம்பிவிட்டேன். மால்மோவிலிருந்து ஊதா நிற லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜன்னலுக்கு வெளியே சேறும் சகதியுமாக உழுத வயல், மரம் தலை சாயும் காற்று. புத்தகத்திலும் அதேதான். வயலுக்கு நடுவே தனியாக ஒரு பண்ணை வீடு. கிழவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார், கிழவி கழுத்தில் சுருக்கோடு குற்றுயிராக. கொன்றவர்கள் போகிற போக்கில் லாயத்துக் குதிரைக்கு வைக்கோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! ஆஸ்பத்திரியில் சாவதற்கு முன்னால் அந்தக் கிழவி சொல்லும் சொல் ஒன்றே ஒன்றுதான்: 'வெளிநாட்டு'. அது பத்திரிகைக்குக் கசிந்ததும் அகதிகள் முகாமில் தீ வைக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் கருப்பாக இருந்தது நான் ஒருவன்தான். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு சுவீடிஷில் ஏதோ சொன்னார். நான் விழித்ததும் ஆங்கிலத்துக்கு மாறி, "பயப்படாதே, எங்கள் ஊரில் அவ்வளவு கொலையெல்லாம் நடக்காது" என்றார். நான் பயந்தது வேறு விஷயத்துக்கு. அதை அவரிடம் எப்படிச் சொல்ல? சிரித்து வைத்தேன்.

மாங்கெல் ஆப்பிரிக்காவில் நீண்ட காலம் இருந்தவர், மொசாம்பிக்கின் மபூட்டோ நகரில் நாடகம் போட்டவர். ஊருக்குத் திரும்பியபோது வெளிநாட்டவர் மீதான வெறுப்பு வளர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எழுத ஒரு போலீஸ்காரர் தேவைப்பட்டார், டெலிபோன் டைரக்டரியைப் புரட்டிப் பெயர் எடுத்தாராம்.

ஈஸ்டாட் சின்ன ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் துறைமுகம், போலந்துக்கும் போர்ன்ஹோம் தீவுக்கும் கப்பல் போகிறது. வாலண்டர் குடியிருக்கும் மரியாகாட்டன் தெரு நிஜமாகவே இருக்கிறது. சாதாரண அடுக்குமாடி வீடுகள், சுவரோரம் சைக்கிள். போட்டோ எடுக்கப் போனவன் கேமராவை உள்ளே வைத்துவிட்டேன். யாரோ குடியிருக்கிற வீடல்லவா? என்னை அசத்தியது ராத்திரிதான். மரியா தேவாலயக் கோபுரத்தில் இன்றும் ஒரு காவலாளி இருக்கிறார். இரவு ஒன்பதே காலிலிருந்து ஒரு மணி வரை, கால் மணிக்கு ஒரு தரம், நாலு திசைக்கும் கொம்பு ஊதுகிறார். ஊர் பத்திரமாக இருக்கிறது, தீ எதுவும் இல்லை என்று அர்த்தம். முகாம் எரிகிற கதையைப் பையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

அப்புறம் படங்கள். முதலில் பார்த்தது கென்னத் பிரானா நடித்த ஆங்கிலத் தொடர். 2008இல் ஆரம்பித்தது, ஈஸ்டாடிலேயே எடுத்தது. 'சைட்டிராக்ட்' நாவலில்தான் தொடங்குகிறார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வயலில் ஒரு பெண் தன்னையே கொளுத்திக்கொள்கிறாள். நாவலிலும் கோடைதான், அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தச் சேற்றை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த எனக்கு, வேறு யாருடைய ஊரையோ பார்ப்பது போல இருந்தது. சுவீடிஷில் இரண்டு பேர் நடித்திருக்கிறார்கள். கிறிஸ்டர் ஹென்ரிக்சன் நல்ல நடிகர்தான், ஆனால் அவர் தொடரில் பெரும்பாலும் திரைக்கென்றே புதிதாக எழுதிய கதைகள். எனக்கு வாலண்டர் என்றால் ரோல்ஃப் லாஸ்கோர்ட்தான். பெரிய உடம்பு, மூச்சு வாங்கும் நடை, கண்ட நேரத்தில் கண்டதையும் தின்றுவிட்டு நாளையிலிருந்து பத்தியம் என்கிற ஆள். போகப் போக நாவல்களில் சர்க்கரை வியாதியும் வந்துவிடுகிறது. எங்கள் சித்தப்பாவே போலீஸ் உத்தியோகத்தில் இருப்பது போல இருக்கும்.

உங்களில் யாராவது இப்படிப் புத்தகமும் கையுமாக ஊர் பார்க்கப் போயிருந்தால் எழுதுங்கள்.

(பதில்)

எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர்மாறு அண்ணா. நான் முதலில் பார்த்தது படத்தை. மொந்தல்பானோ என்ற போலீஸ் அதிகாரி வரும் தொடர், கதை நடப்பது இத்தாலியின் சிசிலித் தீவில். 1999இல் தொடங்கியது, லூக்கா சிங்கரெட்டி நடித்தது. வழுக்கைத் தலை, காலையில் எழுந்து கடலில் குதித்து நீந்துவார். போன வருடம் சிசிலி போனபோதுதான் அந்திரேயா கமில்லேரியின் நாவல்களை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதையில் வரும் விகாட்டா கற்பனை ஊர். கமில்லேரி பிறந்த போர்ட்டோ எம்பெடோக்ளேதான் அதற்கு மூலம் என்று தெரிந்ததும் நேரே அங்கே போய்விட்டேன். போனால் படத்தில் பார்த்த ஒன்றுமே இல்லை! மாடத்து வீடும் இல்லை, போலீஸ் ஸ்டேஷனும் இல்லை. தொடரை எடுத்ததெல்லாம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ரகூசா பக்கம். வீடு புந்தா செக்காவில், போலீஸ் ஸ்டேஷன் ஷிக்லி ஊரின் நகராட்சிக் கட்டடம். நான் நின்றது தீவின் வேறு மூலையில். கடைத்தெருவில் மொந்தல்பானோவுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் தலை நிறைய முடி, மீசை வேறு! யாரோ அரசியல் தலைவர் என்றே நினைத்தேன். நாவலில் கமில்லேரி எழுதிய ஆள் அப்படித்தானாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் படிக்கும்போது எனக்கு வழுக்கைத் தலைதான் வருகிறது. என்ன செய்ய?

ஒன்று மட்டும் புத்தகம், படம், ஊர் மூன்றிலும் மாறவில்லை. அரஞ்சினி. சோற்றை உருட்டி உள்ளே கறி வைத்துப் பொரித்த உருண்டை. சாப்பிடும்போது மொந்தல்பானோவுக்கு யாரும் பேசக்கூடாது. நானும் பேசவில்லை.

(பதில்)

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். விமானத்தில் பொழுது போகாமல் பிரானா நடித்த வாலண்டரின் கடைசிப் பாகத்தைப் பார்த்துவிட்டேன். முடிவில் அவருக்கு என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்ன முதல் நாவலை எடுத்தேன். அதில் அவர் அப்பா வருவாரே, ஆயுசு முழுக்க ஒரே படத்தையே வரைகிறவர்? அதே நிலக்காட்சி, சிலதில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலதில் இருக்காது. அந்தக் கிழவர் ஒரு நாள் ராத்திரி உடையோடு, கையில் பெட்டியுடன், சேற்று வயலில் நடந்து போவார். எங்கே என்று கேட்டால் இத்தாலிக்கு என்பார். முடிவு தெரியாமல் படித்தவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்கலாம். எனக்கு அதற்கு மேல் அன்று ஓடவில்லை, புத்தகத்தை மூடிவிட்டேன். இன்னும் முடிக்கவில்லை. அவர் இத்தாலி போகிறாரா, இல்லையா? அதையாவது சொல்லுங்கள்.

(பதில், முதலில் எழுதியவர்)

போகிறார். மகனோடு, ரோமுக்கு. 'த ஃபிஃப்த் உமன்' தொடக்கத்தில் இரண்டு பேரும் அப்போதுதான் திரும்பி வந்திருப்பார்கள். நடுவில் இன்னும் நாலு நாவல் இருக்கிறது. திறந்து படியுங்கள்.