6 மி.மீ. படைகள்: பழங்காலப் போர் ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மேசைமேல் ஆடும் பழங்காலப் போர் ஆட்டத்தை 6 மி.மீ. உயரச் சின்ன உருவங்களில் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். ரோமுக்கும் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் போரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துப் படைகளின் உருவங்கள் எளிதில் கிடைக்கும்.

முதல் சறுக்கல் வாங்கும்போதே நடக்கிறது. ஒரு பக்கத்துப் படையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, எதிர்ப்படையோடு யாராவது வருவார்களா என்று காத்திருப்பார்கள். 6 மி.மீ.யில் அந்தக் காத்திருப்பே வேண்டாம். இரண்டு படைகளையும் நீங்களே வாங்குங்கள். டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற ஆட்ட விதிகளில் (1990-இல் வந்தது) ஒரு படைக்கு 12 பேஸ் (உருவங்களை ஒட்டும் செவ்வகத் துண்டு) போதும். இரண்டடிக்கு இரண்டடி பலகையில், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

ரோமானியப் படையின் கணக்கு இது: குதிரைப்படை 2 (ஒன்றில் தளபதி), ஹஸ்தாதி, பிரின்கிபெஸ் வாள்வீரர் 6, திரியாரி ஈட்டிக்காரர் 2, வெலிதெஸ் (எறிவேல் வீசும் இலகு காலாட்கள்) 2. பேஸின் அகலம் 40 மி.மீ. நான்கு ஆள் சேர்ந்த பட்டை ஒன்று சுமார் 20 மி.மீ. வரும். முன்வரிசையில் இரண்டு பட்டை, பின்வரிசையில் இரண்டு வைத்தால் ஒரு பேஸுக்கு 16 ஆள். வாளுக்கும் ஈட்டிக்கும் சேர்த்து 8 பேஸ், 32 பட்டை. வெலிதெஸை நெருக்கி ஒட்டாதீர்கள். பட்டையை வெட்டிப் பேஸுக்கு ஆறு பேரைச் சிதறலாக நிறுத்துங்கள். குதிரையும் பேஸுக்கு ஆறு. மொத்தம் 152 உருவம்தான். இதற்கு மேல் ஆசைப்பட்டு முதல் ஆர்டரிலேயே ஆயிரம் உருவம் வாங்கினால் பாதி பெயின்ட் பார்க்காமலே பெட்டியில் கிடக்கும்.

*

அடுத்தது பெயின்ட். புதியவர்கள் அதிகம் மனம் தளர்வது இதில்தான்.

6 மி.மீ. ஆளின் முகத்தைத் தீட்டப் பார்க்காதீர்கள். மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது பேஸ்தான், ஆள் இல்லை. பெயின்ட் அடிப்பதும் பேஸுக்காகத்தான்.

பட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐஸ்கிரீம் குச்சியில் ஃபெவிகால் பொட்டு வைத்து ஒட்டுங்கள். குச்சிக்கு மூன்று பட்டை, நடுவில் விரல் இடைவெளி. கறுப்பு அல்லது கரும்பழுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டால், பிரஷ் எட்டாத பள்ளமெல்லாம் தானாகவே நிழலாகிவிடும். பிறகு எல்லாக் குச்சியிலும் ஒரே நிறத்தை அடித்து முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள்: முதலில் உடை, பிறகு தோல், கேடயம், வெண்கலம். நிறம் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு படி வெளிறியதாக இருக்கட்டும். அசல் அடர்சிவப்பு இந்த அளவில் கறுப்பாகத்தான் தெரியும்.

மிகச் சின்ன பிரஷ் வாங்குவது பெரிய தவறு. நம் வெயிலில் அதன் நுனியில் உள்ள பெயின்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். நல்ல கூர் உள்ள 1-ஆம் எண் பிரஷ் போதும். வயிறு பருத்த பிரஷ்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

எங்கே மெனக்கெட வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். ஹஸ்தாதியின் தலைக்கவசத்தில் கருஞ்சிவப்போ கறுப்போ ஆன மூன்று இறகுகள் ஒரு முழ உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். நம் ஆளுக்கு அந்த முழம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதாவது தலையைவிடப் பெரிது! வரிசை முழுக்க அந்த இறகை மட்டும் தீட்டிப் பாருங்கள், பேஸ் உயிர்பெற்று எழும். செருப்பு வாரையும் இடுப்புக் கச்சையையும் விட்டுவிடுங்கள்.

*

மேலே சொன்னதோடு கார்த்தேஜ் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னாய் போரில் (கி.மு. 216) கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் ஆப்பிரிக்கக் காலாட்படை முந்தைய போர்களில் ரோமானியரிடம் கைப்பற்றிய ஆயுதங்களோடு நின்றது, பார்க்க ரோமானியர் போலவே இருந்தார்கள் என்கிறார் பொலிபியஸ். ஆகவே அவர்களுக்கு ரோமானியப் பட்டையையே வாங்கி, கேடய நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பானியருக்கு ஊதாக் கரை போட்ட லினன் உடை. நடுவில் ஸ்பானியரும் கால் (Gaul) இன வீரரும் மாறி மாறி நின்றார்கள். பேஸ்களையும் அப்படியே நிறுத்துங்கள்.

இன்னொன்று: யானை அழகாக இருக்கிறதென்று கன்னாய்க்குக் கொண்டுவராதீர்கள், அங்கே யானையே இல்லை. ஜாமா போரில் (கி.மு. 202) 80-க்கு மேல் இருந்தன, அதற்கு எடுத்து வையுங்கள்.

*

பேஸ்களை அளந்து வெட்டுவதில் சோம்பல் கூடாது. அட்டையைக் கத்தரியால் வெட்டினால் ஒன்று 40, ஒன்று 41 என்று வரும். எட்டு பேஸை வரிசையாக வைக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் எட்டு வரை ஆகலாம். கடைசி பேஸ் எந்த எதிரியோடு முகத்துக்கு முகம் நிற்கிறது என்று தகராறு வரும். ஊரில் லேசர் கட்டிங் செய்யும் கடையில் 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 24 துண்டு கேட்டு வாங்குங்கள். அட்டைக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகாலும் மணலும் போட்டால் காயும்போது வாழைப்பட்டை போல வளைந்துவிடும்.

உருவத்தை முன்விளிம்புக்கு வெளியே நீட்ட விடாதீர்கள். ஈட்டி முனையும் யானைத் துதிக்கையும் நீட்டிக்கொண்டிருந்தால் விளிம்போடு விளிம்பு ஒட்டாது, சண்டையே தொடங்காது.

மணல் சலித்த பொடியாக இருக்க வேண்டும். சாதாரண ஆற்றுமணலின் ஒரு பரல் 6 மி.மீ. ஆளுக்குப் பாறாங்கல்.

*

வெளிநாட்டிலிருந்து ஈயப் பொம்மை வரவழைத்தால் தபால் கூலியும் சுங்கமும் கூடுகிறது என்று ரெசின் 3டி பிரின்டிங் பக்கம் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 28 மி.மீ. உருவத்துக்கான கணினிக் கோப்பை (file) 6 மி.மீ.க்குச் சுருக்கினால் 21 சதவீதம் ஆகிறது. 1 மி.மீ. பருமனுள்ள ஈட்டி 0.2 மி.மீ. ஆகிவிடும், பிரின்டரில் வராது, வந்தாலும் சப்போர்ட்டை (பிரின்ட் ஆகும்போது தாங்கும் குச்சிகளை) பிய்க்கும்போது போய்விடும். 6 மி.மீ.க்கென்றே வடித்த கோப்பை வாங்குங்கள். அதில் ஈட்டியை வேண்டுமென்றே தடிப்பாக்கி இருப்பார்கள். கையுறை இல்லாமல் ஈர ரெசினைத் தொடக் கூடாது.

*

ஆட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டுகிறீர்கள். வந்த எண்தான் அந்த முறைக்கு உங்கள் கட்டளைகளின் எண்ணிக்கை. ஒட்டி நிற்கும் வரிசை நேராக நகர ஒரே கட்டளை போதும், கலைந்துவிட்டால் பேஸுக்கு ஒன்று. புதியவர் முதல் சுற்றிலேயே இரண்டு பேஸை ஆசையாக முன்னே ஓட்டுவார். அடுத்த பகடையில் 1 விழுந்து, அதை அந்த இரண்டுக்கே செலவழித்தால் மற்ற பத்தும் நின்ற இடத்தில் நிற்கும்.

காலாட்படையோடு மோதும்போது வாள் பேஸின் மதிப்பு 5, ஈட்டி பேஸின் மதிப்பு 4. அதோடு ஆட்டக்காரர் இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டிக் கூட்ட வேண்டும். வாள் 5+2=7, ஈட்டி 4+4=8 என்றால் வாள் பின்வாங்கும். வாள் 5+6=11, ஈட்டி 4+1=5 என்றால் இரு மடங்கைத் தாண்டுவதால் ஈட்டி பேஸ் ஒழிந்தது. ஆனால் பக்கவாட்டில் எதிரி பேஸ் முகம் ஒட்டி நின்றால், பின்வாங்க வேண்டிய பேஸ் அங்கேயே ஒழியும். கன்னாயின் சூட்சுமம் இந்த ஒரு விதியில் இருக்கிறது: நடுவில் கால் (Gaul) இனத்தவரைப் பின்வாங்க விட்டு, ஓரத்து ஆப்பிரிக்கரைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். ஓரம் திரும்ப இரண்டு மூன்று கட்டளை வேண்டும், அதற்குமுன் நடுவில் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள்.

*

வார்னிஷ் ஸ்ப்ரேயை மழைநாளில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் பிரஷால் மேட் வார்னிஷ் போடுவதே நல்லது.

ஈய உருவங்களைப் புது மரப்பெட்டியில் இறுக மூடி வைத்தால், மரம் விடும் அமில ஆவியில் ஈயம் வெண்பொடியாக உதிரும். பிளாஸ்டிக் டப்பாவில் காந்தத் தாள் ஒட்டி, பேஸ் அடியில் தகரத் துண்டு ஒட்டி வையுங்கள். பயணத்திலும் உருளாது.

இந்த இரண்டுக்கும் அடுத்த படைக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: இதே விதிகளின் பட்டியலில் தமிழர், சிங்களர் படை என்றே ஒன்று உண்டு. கார்த்தேஜுக்கு வாங்கிய யானையை நேராக அதற்கு எடுத்துவிடாதீர்கள். ஹன்னிபால் காலத்து உருவங்களில் காது பெரிது, முதுகு குழிந்திருக்கும். நம் யானைக்குக் காது சிறிது, முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும். 6 மி.மீ.யிலும் அந்த வித்தியாசம் தெரியும்.