வாரியார் சுவாமிகள் கேசட்டுகள்: கொஞ்சம் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 14 கேசட் கிடைத்திருக்கிறது. எல்லாம் கிருபானந்த வாரியார் சுவாமிகள் சொற்பொழிவுகள். கோயில் திருவிழாக்களில் தாத்தாவே மேடையோரம் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தவை. அட்டையில் நீல பேனாவில் 'வள்ளி கல்யாணம், 2ஆம் நாள்' என்று மட்டும் இருக்கிறது. ஊரும் இல்லை, வருஷமும் இல்லை. தாத்தா இருந்தால் திட்டியிருப்பேன்!

நல்ல நிலையில் இருந்த ஒன்றைப் போட்டுக் கேட்டேன். திருப்புகழைச் சந்தம் பிசகாமல் பாடிவிட்டு, அடுத்த நொடியே முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிறார். ஒரு பொடியன் தப்பாகச் சொல்ல, கூட்டமே சிரிக்கிறது. காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்தவர், 1993 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்திலேயே மறைந்தார். கடைசிவரை ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர். அந்தக் குரல் பெட்டிக்குள்ளேயே மக்கிப்போகக் கூடாது.

பிரச்சினை இதுதான். ஆறு கேசட்டில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ஓட்டினால் பிளேயரின் ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஓட்டிப் பார்க்கவில்லை. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், ஒன்று அசையவே இல்லை. வீட்டிலேயே சுத்தம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இல்லை, பழகிய கையிடம் கொடுப்பதுதான் நல்லதா? கடைக்காரர் ஒருவர் "தூக்கிப் போடுங்க சார்" என்றார், அவரிடம் மறுபடி போவதாக இல்லை.

இன்னொன்று. வாரியார் சுவாமிகள் கதை சொல்லி நேரில் கேட்ட பெரியவர்கள் இருந்தால், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று எழுதுங்கள். தேதி கண்டுபிடிக்க உதவும். கணினியில் ஏற்றியதும் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.